இருபத்து மூன்றாம் எண் போத்தல்

நம் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் பணி அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். மேடையில் பேசச் சொல்லியிருந்தால் அன்றைக்குப் பார்த்து எனக்குக் காய்ச்சல் வந்திருக்கும். எழுதினால் போதும் என்றதால் ஒத்துக்கொண்டேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள்.

நீங்கள் பட்டம் வாங்கியவர்கள். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவள். புழு ஆராய்ச்சியில் எனக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு, கண்ணாடித் துண்டுகளைக் கழுவிக் காயவைப்பது, போத்தல்களில் எண் ஒட்டுவது, எல்லோருக்கும் டீ கலக்குவது. டீயையாவது குறை சொல்ல இடமில்லாமல் செய்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் எங்களோடு வேலை பார்த்த செல்வம் இன்னும் உயிரோடு இருக்கிறான், இதைப் படிப்பான். சர்க்கரை போதவில்லை என்று கடைசி நாள் வரை சொன்னவன் அவன்.

ஆகவே சாதனை எதுவும் இதில் இல்லை. எங்கள் டாக்டரின் ஆராய்ச்சியை நான் எப்படிக் கவிழ்க்கப் பார்த்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

டாக்டர் என்றால் ஊசி போடும் டாக்டர் இல்லை. மனிதர் குடலிலும் மிருகங்களின் குடலிலும் குடியிருக்கும் புழுக்களைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கிய அம்மா அவர். யாழ்ப்பாணத்து வழியில் வந்த குடும்பம். நாம் ஆமாம் என்பதை அவர் ஓம் என்பார். தன்னைப் பற்றி யாராவது எழுதினால் பிடிக்காது என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். செல்வம் குளுவாங்கில் இருந்து வந்த பையன். நுண்ணோக்கியில் புழு முட்டை தேடுவது அவன் வேலை. அப்போது அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. இருந்தும் அவன் எதிரில் வந்தால் நான் சுவரைப் பார்த்துத்தான் பேசுவேன். ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் அப்படித்தான். பிறவிக் குணம்.

டாக்டருக்கு ஒரு கேள்வி இருந்தது. நாயின் குடலில் இருக்கும் புழு, அந்த நாயோடு ஒரே முற்றத்தில் புழங்கும் மனிதர்களுக்கும் வருகிறதா? இதைப் பார்க்க ரெங்கம் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். நான் பிறந்த தோட்டம். அண்ணன் குடும்பம் அங்கேதான், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தது. வாரக் கடைசியில், நாங்கள் வேலை பார்த்த தம்போயில் இருந்து பஸ் ஏறி நானும் அங்கே போய்விடுவேன். தெரிந்த முகம் என்றால் ஜனங்கள் காலைக்கடனில் கொஞ்சம் எடுத்துத் தரப் போத்தல் வாங்குவார்கள் என்று டாக்டர் நினைத்தார். தெரிந்த முகம் என்பதால்தான் எனக்கு வெட்கம் இரண்டு மடங்கு என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

தோட்டத்து மண்டபத்தில் மேசை போட்டோம். முதல் நாள் காலையில் டாக்டர் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு, ஒன்று என்று எண் ஒட்டிய தன் போத்தலைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்ர. இண்டைக்குக் காலமை எடுத்தது. நாங்கள் குடுக்காததை உங்களிட்ட கேக்க மாட்டம். என்னோட வேலை செய்யிற எல்லாரும் குடுப்பினம்."

பின்வரிசையில் நின்ற ஆண்கள் தோளை இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் அன்று சாயங்காலமே போத்தல் வாங்க வரிசை நின்றது. அந்த அம்மா எப்படிப்பட்டவர் என்று புரிந்துகொள்ள இது போதும்.

என் எண் இருபத்து மூன்று. போத்தலைக் கையில் வாங்கியதும் எனக்கு ஒரே யோசனை. இதை நாளைக்குச் செல்வம் திறப்பான். குச்சியால் கலக்குவான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். பெயர்ப்பட்டியலும் அவனிடம்தான் இருக்கிறது. எல்லாம் முடிந்து பத்து மணிக்கு என் கையில் இருந்து டீ வாங்கிக் குடிப்பான். அந்த டீயை நான் எந்த முகத்தோடு கொடுப்பேன்?

மறுநாள் காலை அண்ணன் வீட்டுக் கொல்லையில் போத்தலும் கையுமாக நின்றேன். பக்கத்து வீட்டு மாரியக்காவின் நாய், மணி, வேலியோரம் வந்தது. தன் காரியத்தை முடித்துவிட்டுப் போனது. மணியும் ஆராய்ச்சியில் உண்டு. நாய் எண் ஏழு. அதன் போத்தலை நிரப்புவதும் என் வேலைதான். நிரப்பினேன். மீதி இருந்தது.

அதற்குமேல் நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை.

புழு ஆராய்ச்சியில் இருப்பவள்தானே, இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். புழு இருந்தால்தானே வம்பு, மணிக்குப் புழு இருக்காது என்று நினைத்தேன். பார்க்க நன்றாகக் கொழுகொழுவென்று இருந்தது. இதுதான் என் அன்றைய அறிவியல்.

பத்து மணிக்குச் செல்வம் கூப்பிட்டான்.

"அக்கா, இருபத்தி மூணுல புல்லு இருக்கு லா."

"கீரை சாப்பிட்டேன்," என்றேன், சுவரைப் பார்த்து.

"கீரையையா? மெல்லாமலே முழுங்கிட்டீங்களா? ஒரு முடி வேற இருக்கு. வெள்ளை முடி."

"எனக்கு நரைக்குதுப்பா."

அவன் சிரித்துக்கொண்டே மறுபடி குனிந்தான். பிறகு சிரிப்பு நின்றது. டாக்டரைக் கூப்பிட்டான். டாக்டர் குனிந்தார். நிமிரவே இல்லை. அளவுகோல் போட்ட கண்ணாடியை நுண்ணோக்கியில் மாட்டி அளந்தார், மறுபடி அளந்தார். இரண்டு முனையிலும் அடைப்பு வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கும் சாட்டைப்புழுவின் முட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மனிதருடைய புழுவின் முட்டை சிறியது. நாயுடையது ஒன்றரை மடங்கு பெரியது. இருபத்து மூன்றாம் எண்ணில் இருந்தது பெரியது. பக்கத்தில் நாய் எண் ஏழில் இருந்ததும் அதே பெரியது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாக்கியம், இது நீங்களே எடுத்தது தானே? வேற ஒருத்தரும் தொடேல்லையே?"

"ஆமா டாக்டர். வேற யாரும் தொடல."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கக்காரர்கள் பொய்யைக்கூட நேராகச் சொல்லமாட்டார்கள், பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள்.

டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தேடிக்கொண்டிருந்த பதில் என் வயிற்றில் இருக்கிறதாம். ஒரே முற்றத்து நாய்க்கும் பெண்ணுக்கும் ஒரே புழு. ஆனால் ஒரு தடவை பார்த்ததை நம்பக்கூடாது, வாயில் போன முட்டை அப்படியே வெளியே வந்ததாகவும் இருக்கலாம், இன்னும் இரண்டு நாள் கொடுங்கள் என்றார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மண்டபத்தில் ஆள் நிறைய இருந்தார்கள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நாளைக்கு என்னுடையதையே கொடுத்து, புழு போய்விட்டது என்று சொல்லலாமா என்றும் நினைத்தேன். ஒரே நாளில் புழு போகாது என்று தெரியும் அளவுக்கு அங்கே வேலை பார்த்திருந்தேன். ஆகவே மணியைத் தேடிப் போனேன்.

மணி வேலியோரம் இல்லை. மாரியக்கா உதிரிப் பழம் பொறுக்கக் கிளம்பினால் அதுவும் கூடவே போகும். மாரியக்கா பழத்துக்குக் கை வைக்கும் முன், மரத்தடியில் வெட்டிப் போட்ட மட்டைக் குவியலை மணி முகர்ந்து பார்க்கும். நாகம் இருந்தால் குரைக்கும். ஏற்கெனவே இரண்டு முறை குரைத்து அக்காவின் கையைக் காப்பாற்றியிருக்கிறது. நான் செம்பனை வரிசைக்குள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

"என்னா பாக்கியம், எம்பின்னாலயே வர்ற?"

"சும்மாதாங்க்கா. நடந்தா ஒடம்புக்கு நல்லதாம்."

"தம்போயில நடக்க ரோடு இல்லையா?"

மணி திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அது உட்காரவே இல்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் ஒரு மரத்துக்குப் பின்னால் போனது. அந்தத் தோட்டத்தில் என் மனதைப் புரிந்த ஜீவன் அது ஒன்றுதான். மூன்றாம் நாளும் இப்படியே.

மூன்று நாளும் பெரிய முட்டை. டாக்டர் தன் மேலதிகாரிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். செல்வத்துக்கு வாய் நிற்கவில்லை. கடையில் ரொட்டி சாப்பிடும்போது தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லிவிட்டான். கிராணி தோட்டத்து மேனேஜரிடம் சொன்னார். நாலாம் நாள் காலை மேனேஜரே மண்டபத்துக்கு வந்தார்.

அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மாரியக்கா வந்தார். காலில் பூட்ஸ், வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்திருக்கிறார். கையில் ஒரு தூக்குச்சட்டி. மணி வாசற்படியில் படுத்துக்கொண்டது.

"பாக்கியம், மணிகிட்டேருந்து ஒனக்கு நோவு வந்திருச்சாம்மே. எனக்குத் தெரியாது தாயி. தெரிஞ்சிருந்தா கட்டிப் போட்டிருப்பேன். ரசம் வெச்சுக் கொண்டாந்தேன், சூடா குடி."

தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டேன்.

"நாயெல்லாம் சுட ஆளு வரப்போறாங்களாம். கிராணி சொன்னாரு. நீயாச்சும் அந்த டாக்டரம்மாகிட்ட சொல்லிப் பாரேன். மணி இல்லாட்டி நான் எந்தக் குவியல்ல கை வெப்பேன்?"

டீ போடப் போனேன். என் வாழ்நாளில் எல்லா நெருக்கடியிலும் நான் செய்தது அதுதான்.

உள்ளே மேனேஜர் உட்கார்ந்திருந்தார். லயத்து நாய்களைப் பற்றி அவருக்கு நெடுநாள் கோபம். அவருடைய காரின் இருக்கையை ஒன்று கடித்துக் கிழித்திருந்தது.

"நானும் எவ்வளவு நாளா சொல்லிட்டு வரேன் டாக்டர். இப்ப நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க. நாயால மனுஷனுக்கு வருதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் கிளியர் பண்ணிடலாம்."

"ஒரு ஆளின்ர முடிவை வச்சு அப்பிடி எழுத ஏலாது."

"ஒரு ஆள்தான். ஆனா மூணு நாள், மூணு தடவை. இல்லையா?"

டாக்டர் கையில் இருந்த பேனாவை மேசையில் வைத்தார்.

"அப்ப இல்லைன்னு எழுதிக் குடுங்க. நாளைக்கு இன்னொருத்தருக்கு வந்தா யார் பொறுப்பு?"

டாக்டர் வாசற்படியைப் பார்த்தார். மணியின் வால் மட்டும் உள்ளே தெரிந்தது. பிறகு செல்வத்தின் பட்டியலைப் பார்த்தார். கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும் என்பதில் அவர் கல் மாதிரி. அவருக்குப் பிடிக்காத பதிலாக இருந்தாலும் எழுதுவார். பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார்.

"எழுதாதீங்க டாக்டர்."

யாருடைய குரல் என்று நானே திரும்பிப் பார்த்தேன். என் கையில் டீத் தட்டு. அதில் இருந்து மேனேஜர் ஒரு கோப்பையை எடுத்திருந்தார்.

"என்ன பாக்கியம்?"

"அது என்னோடது இல்ல."

"எது?"

"இருபத்தி மூணு."

செல்வம் எழுந்துவிட்டான். "அக்கா, நீங்கதானே குடுத்தீங்க? மூணு நாளும் எங்கையிலதானே குடுத்தீங்க?"

"குடுத்தது நான்தான்," என்றேன். "போனது மணி."

மேனேஜர் அப்போதுதான் முதல் வாய் டீ குடித்திருந்தார். விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்வம், "அலமாக்," என்று தலையில் கை வைத்தான். வாசலில் மாரியக்கா நின்றிருந்தார். அதுவரை பயந்த முகமாக இருந்தவர் மெல்லப் புரிந்துகொண்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "அடிப்பாவி, அதுக்குத்தான் எம்பின்னாலயே நடந்தியா?"

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.

"மூண்டு நாளுமா?"

"மூணு நாளும் டாக்டர்."

"ஏன்?"

சுவர் பக்கம் திரும்பப் பார்த்தேன். திரும்பினால் மறுபடி பொய் வரும் என்று தோன்றியது. அவரைப் பார்த்தே சொன்னேன். "செல்வம் பார்ப்பானேன்னு வெக்கமா இருந்துச்சு. அப்புறம் அவனுக்கு டீ குடுக்கணுமே."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். டாக்டர் மேனேஜரிடம், "உங்களுக்குத் தர என்னட்ட ஒண்டும் இல்லை. பிழை எங்கட," என்று சொல்லி அனுப்பினார். பிறகு என் எதிரிலேயே மேலதிகாரிக்குப் போன் போட்டார். முந்தின நாள் சந்தோஷமாகச் சொன்னதை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினார். அந்தப் பக்கத்தில் இருந்தவர் நிறையப் பேசினார். "ஓம்... ஓம்... என்ர மேற்பார்வையில நடந்தது. நான்தான் பொறுப்பு," என்றார் டாக்டர். என் பெயர் வரவே இல்லை. திட்டியிருந்தால் ஒரு மூலையில் அழுதுவிட்டுப் போயிருப்பேன். அந்த ஐந்து நிமிடம் தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

போனை வைத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"எங்களோட வேலை செய்யிற நீங்களே இப்பிடியெண்டால், மற்ற ஆக்கள் எத்தினை பேர் பாக்கியம்?"

அதைக் கண்டுபிடிக்க என்னையே அனுப்பினார். வீடு வீடாக. என்னால் முடியாது என்றேன். "உங்களாலதான் ஏலும்," என்றார்.

முதல் வீட்டு வாசலில் அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினேன். கேட்க வேண்டியதைக் கேட்க வாய் வரவில்லை. கடைசியில் வேறு வழி தெரியாமல் என் கதையைச் சொன்னேன். புல், நரைமுடி, மரத்துக்குப் பின்னால் மணி, எல்லாம். அந்த வீட்டு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாதக்கா. எங்க வீட்டு நாலு போத்தலும் சின்னவனோடதுதான்," என்றார். அடுத்த வீட்டில் புருஷனுடையதையும் மனைவிதான் கொடுத்திருந்தார். ஒரு பெரியவர், பெயர் எழுதமாட்டேன், கோழிக்கூண்டில் இருந்து எடுத்திருந்தார். அவருக்குச் செல்வம், 'பழந்தின்னியா இருப்பாரு போல' என்று குறிப்பு எழுதி வைத்திருந்தான்.

பாதிப் போத்தல்கள் அப்படித்தான் நிரம்பியிருந்தன. டாக்டர் எல்லாவற்றையும் கொட்டச் சொன்னார். பட்டியலில் பெயரை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் வைத்தோம். யாருக்கு எந்த எண் என்பது டாக்டர் ஒருவருக்குத்தான் தெரியும். மண்டபத்தில் ஆட்கள் பார்க்க வாங்காமல், கக்கூசுக்குப் பக்கத்திலேயே மூடி போட்ட பெட்டி வைத்தோம். பெட்டி வைக்கப் போனபோதுதான் பாதிக் கக்கூசுக்குக் கதவு இல்லை, தண்ணீர் இல்லை என்று பார்த்தோம். பிள்ளைகள் லயத்து வரிசைக்குப் பின்னால் மண்ணில்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் முறை வந்த போத்தல்களில் நாயின் பெரிய முட்டை ஒரு மனிதரிடமும் இல்லை. மனிதருடைய புழுதான் வீட்டுக்கு வீடு இருந்தது. டாக்டர் கண்டதைக் கண்டபடி எழுதினார். மேனேஜர் கேட்ட அந்த ஒரு வரி நாயைப் பற்றி இல்லாமல் கக்கூசைப் பற்றிப் போனது. கதவு வந்தது, தண்ணீர் வந்தது. நாய் சுடுகிறவர்கள் வரவில்லை. மணி இன்னும் பல வருஷம் மாரியக்காவுக்கு முன்னால் நடந்து மட்டைக் குவியலை முகர்ந்தது. என்னைக் கண்டால் மட்டும் மரத்துக்குப் பின்னால் போய்விடும்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். கொடுத்த போத்தல் அத்தனையும் நிரம்பித் திரும்பி வந்தால் சந்தோஷப்படாதீர்கள். போத்தலை வாங்கும்போது யார் தரையைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். அவர்களிடம் கேள்வி கேட்கும் முன் உங்களைப் பற்றி வெட்கமான ஒன்றைச் சொல்லுங்கள். உங்களிடம் அப்படி எதுவும் இல்லை என்றால் என்னுடையதைச் சொல்லிக்கொள்ளுங்கள். அனுமதி தருகிறேன்.

என் சொந்தப் போத்தல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதையும் எழுதிவிடுகிறேன். பெயர் எழுத வேண்டாம், பெட்டியில் போட்டால் போதும் என்று டாக்டர் எனக்கும் சொன்னார். நான் பெட்டியில் போடவில்லை. அதில் இருபத்து மூன்று என்று எழுதி, மண்டபத்துக்கு நடந்து போய், செல்வத்தின் கையில் கொடுத்தேன். அவனைப் பார்த்தே கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக் குனிந்தான். நான் அடுப்பங்கரைக்கும் மேசைக்கும் நடுவில் நின்றேன்.

"இருக்கு அக்கா. சாட்டைப்புழு," என்றான் தலையைத் தூக்காமல். "ஆனா மனுஷ சைஸ்."

கையை நன்றாகக் கழுவுங்கள் என்று லயம் முழுக்கப் போய்ச் சொன்னவள் நான்.

அவன் கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்துக்கொண்டு வந்து டீ கேட்டான். நானும் கை கழுவினேன், இரண்டு தடவை. கலக்கிக் கொடுத்தேன். சர்க்கரை பத்தவில்லை என்று முனகிக்கொண்டே கடைசிச் சொட்டு வரை குடித்தான்.